சத்தம் போடாத ஐந்தாம் பதிப்பு

நிறஞ்சலா என்ன வேலை செய்கிறாள் என்பது தாழ்வுபாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி அவளுக்கும் வாய் உளைந்துவிட்டது. "கொம்பியூட்டரிலை ஏதோ" என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மன்னார் டவுனில், ஒரு டியூஷன் வகுப்புக்கு மேல்மாடியில் அவள் வேலை செய்கிற கந்தோர் இருந்தது. மொத்தம் ஐந்து பேர். ‘கரைக்காவல்’ என்று ஒரு செயலி செய்து, கடலுக்குப் போகிறவர்களின் போன்களில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காற்று எழும்பப் போகிறது என்று காலநிலைக் கந்தோரில் இருந்து தகவல் வந்தால், மன்னார்க் கரையில் ஆயிரத்து நானூறு போன்கள் ஒரே நேரத்தில் ஊளையிடும். சாதாரண ஊளை இல்லை. என்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்று தேடிப்பிடித்த ஊளை. கடலில் ஒருவரும் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சொப்பிங் பையில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, அதைப் படகின் முன்னால் அணியத்துப் பக்கம் செருகிவிட்டு வலையைப் பார்ப்பார்கள். காதுக்கு எட்டினால்தான் எச்சரிக்கை, கண்ணுக்குக் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

செயலியில் ஒவ்வொரு மாற்றமும் மூன்று படி தாண்டித்தான் கடலுக்குப் போகும். கந்தோரில் அந்தப் படிகளுக்குக் குசினி, ருசி, பந்தி என்று பெயர். செயலிக்கு நிரல் எழுதுகிற அஸீபா புதிதாக எழுதுவது குசினியில் கிடக்கும். எழுதி முடிந்ததும் ருசிக்கு ஏறும். அங்கே எட்டுப் போன்கள் அதைச் சாப்பிட்டுப் பார்க்கும். மூன்று கிழமை ஒரு வயிற்றுவலியும் வராவிட்டால் பந்திக்கு, அதாவது ஆயிரத்து நானூறு பேருக்கும் பரிமாறப்படும். இந்தச் சுமக்கிற வேலையை மனிதர் செய்வதில்லை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அதைக் கங்காணி என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் எந்தெந்த மென்பொருள் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கணக்கு வைத்து, சோதனைகளை ஓட்டி, எல்லாம் பச்சை என்றால் அதுவே தூக்கிக்கொண்டு போய் அடுத்த படியில் வைத்துவிடும். கங்காணிக்கு எதைச் சோதிக்க வேண்டும், எந்தப் போன் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவள் நிறஞ்சலா. பந்தியில் அப்போது நான்காம் பதிப்பு இருந்தது. ருசியில் ஐந்தாம் பதிப்பு.

ருசியில் எட்டுப் போன்கள் என்று சொன்னது முழு உண்மை இல்லை. ஒன்பதாவதாக ஒன்று நின்றது. அது அவளுடைய அத்தானுடையது.

அத்தான் எமிலியானுஸ் அக்கா அன்ரோனெற்றின் புருசன். நண்டு வலைக்காரர். பகிடி விடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். சித்திரையில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தொடங்கினார்.

"ஏன் மச்சாள், சிலாவத்துறையானுக்கும் அதே வேர்ஷன், வங்காலையானுக்கும் அதே வேர்ஷன், எனக்கும் அதே வேர்ஷன். பிறகென்னத்துக்கு நான் உன்ரை அக்காவைக் கட்டினனான்?"

"புதுசு வருகுது அத்தான். காத்து எந்தப் பக்கத்தாலை வருகுது எண்டு அம்புக்குறி போட்டுக் காட்டும்."

"அப்ப அதைப் போடு. முதல் சட்டி மச்சானுக்கு வராமல் வேற ஆருக்கு?"

அக்கா சிரித்தாள். நிறஞ்சலாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படித்த படிப்பால் வீட்டுக்கு ஏதாவது ஆகிறது என்றால் வேண்டாம் என்பாளா? அடுத்தநாளே கந்தோரில் இரண்டு தட்டுத் தட்டி அத்தானின் போனைப் பந்தியில் இருந்து எடுத்து ருசியில் வைத்தாள். கந்தோரைத் தொடங்கிய ஹில்மியிடமும் சொல்லவில்லை, அஸீபாவிடமும் சொல்லவில்லை. ஊரில் கல்யாண வீட்டில் பந்தி விரிக்க முதல் சொந்தக்காரருக்குக் குசினிப் பக்கத்தால் ஒரு கோப்பை போவதை யாரும் களவு என்று சொல்வதில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மற்ற எட்டுப் போன்களும் மேசை லாச்சிக்குள் கிடந்தன. முந்தி மேசைக்கு மேல்தான் இருந்தன. ஒவ்வொரு சோதனைக்கும் எட்டும் சேர்ந்து ஊளையிட, கீழே கணிதம் படிப்பிக்கிற மாஸ்டர் சோக்குக்கட்டியோடு ஏறி வந்துவிட்டார். "நான் பிள்ளையளுக்குப் பாடம் நடத்திறதோ, இல்லாட்டி உங்களுக்குத் தீப்பிடிச்சிட்டுது எண்டு பாக்க ஓடி வாறதோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கே எட்டையும் மௌனத்தில் போட்டு லாச்சிக்குள் தள்ளினார்கள். ஊளையிட்டதா என்று காதால் கேட்பதற்குப் பதிலாக, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கங்காணி பார்த்துச் சொன்னால் போதும் என்று நிறஞ்சலா மாற்றி எழுதினாள். மாஸ்டருக்கும் நிம்மதி, எல்லாருக்கும் நிம்மதி.

அந்தப் புதன்கிழமை சோழகக் காற்று பிடிக்கத் தொடங்கியிருந்த நாள். காலை பத்து நாற்பத்திரண்டுக்குத் தகவல் வந்தது. ஹில்மியின் போன் மேசையில் துள்ளி ஊளையிட்டது. ஹில்மிக்கு நாற்பது வயது; சிலாவத்துறைக்காரர்; அவருடைய சொந்தத்தில் பாதிப் பேர் கடல் தொழிலில். தெருவில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போனவனின் போனும் ஊளையிட்டது. யன்னலால் பார்த்து நிறஞ்சலாவும் அஸீபாவும் சிரித்தார்கள். அரை மணித்தியாலத்தில் கரைக்குக் கரை படகுகள் திரும்புகின்றன என்று செய்தி வரத் தொடங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹில்மி. கந்தோர் தொடங்கி நான்கு வருடத்தில் அவர்களுக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

பதினொன்றரைக்கு அக்கா போன் எடுத்தாள்.

"எல்லாரும் வந்திட்டினம். இவரை மட்டும் காணேல்லை. றொட்னிக்குக் காய்ச்சல் எண்டு இண்டைக்குத் தனியப் போனவர். கரை வெறிச்சுப்போய்க் கிடக்கடி."

நிறஞ்சலா திரையில் தேடினாள். எமிலியானுஸ், பத்து நாற்பத்திரண்டு, சேர்ந்தது.

"அத்தானுக்கும் போய்ச் சேர்ந்திட்டுது அக்கா. நான் இஞ்சை பாத்துக்கொண்டுதான் சொல்லுறன். வந்துகொண்டிருப்பார், பயப்பிடாதை."

போனை வைத்த பிறகு, ஏனென்று தெரியாமல், லாச்சியை இழுத்தாள். எட்டுத் திரையிலும் எச்சரிக்கை சிவப்பாக எரிந்துகொண்டு கிடந்தது. சத்தம் இல்லை. மௌனத்தில் போட்டால் எப்படிச் சத்தம் வரும்? ஒன்றை எடுத்து மௌனத்தை நீக்கினாள், சத்தத்தை உச்சத்தில் வைத்தாள், சோதனை எச்சரிக்கை ஒன்றை அனுப்பினாள். திரை சிவந்தது. சத்தம் இல்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் ஊமை. மூன்றாவதும் அப்படித்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போகவில்லை. ஊளையிடுகிற வேலையை அவர்கள் எழுதவில்லை. உலகத்தில் எங்கேயோ யாரோ எழுதி இலவசமாக விட்ட பொதி அதைச் செய்தது. பழைய பொதி புதுப் போன்களில் இனி ஓடாது என்று அஸீபா ஐந்தாம் பதிப்பில் அதன் புதிய பதிப்பைச் சேர்த்திருந்தாள். புதிய பொதியோடு வந்த குறிப்பில், கீழே, பதினேழாவது வரியில் இருந்தது: இனிமேல் சத்தம் தானாக வராது, வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். அஸீபா அதை வாசிக்கவில்லை. சரிபார்த்துக் கையெழுத்து வைத்த நிறஞ்சலாவும் வாசிக்கவில்லை. கங்காணி வாசிக்காது. செய்தி சேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அது இருபது நாளாகப் பார்த்துப் பச்சை போட்டுக்கொண்டிருந்தது.

அத்தானின் இலக்கத்தை அழுத்தினாள். தொடர்பில் இல்லை என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் சொன்னாள். மறுபடி அழுத்தினாள். அந்தப் பெண்ணுக்கு அலுப்பே இல்லை.

அதற்குள்ளும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாளைக் காலை மூன்று கிழமை முடிகிறது. கங்காணி தன்பாட்டில் ஐந்தாம் பதிப்பைத் தூக்கி ஆயிரத்து நானூறு பேருக்கும் பரிமாறும். அதை நிறுத்தினாள். நிறுத்துவதற்குக் காரணம் எழுது என்று கங்காணி ஒரு பெட்டி திறந்தது. ‘சத்தம் வரவில்லை’ என்று எழுதினாள். அழித்தாள். ‘பிறகு பார்க்க வேண்டும்’ என்று எழுதினாள். ஏன் அழித்தாள் என்று கேட்டால் அவளால் அன்றைக்கே பதில் சொல்லியிருக்க முடியாது. கை தானாக அழித்தது.

வியாழன் விடிய, சிலாவத்துறைக்கு இந்தப் பக்கம், கரைவலைக்காரர் எமிலியானுஸைக் கண்டெடுத்தார்கள். படகு இன்னும் கிடைக்கவில்லை.

ஊர் அழுது முடிக்க முதலே பேசத் தொடங்கியது. மீனவர் சங்கத்தின் செயலாளர், எந்தெந்தப் போனுக்கு எச்சரிக்கை போனது என்று ஹில்மியிடம் கேட்டு எடுத்திருந்தார். அதில் எமிலியானுஸின் பெயருக்கு நேரே, மற்ற எல்லாருடையதையும் போலவே, சேர்ந்தது என்று இருந்தது. சேர்ந்தது என்றால் கேட்டது. கேட்டது என்றால் கேட்டும் வரவில்லை. கணக்கு நேராகத்தான் இருந்தது.

"ரெண்டு வலையை இழுத்துப்போட்டு வருவம் எண்டு நிண்டிருப்பான்," என்றான் அத்தானோடு படகில் போகிற றொட்னி. காய்ச்சல் முகத்தோடு, கண் வீங்கி, கதிரையில் குந்தியிருந்தான். "நான் போயிருந்தா இழுத்துக்கொண்டு வந்திருப்பன். தனிய விட்டா அவன் ஒருத்தற்ரை சொல்லும் கேக்கமாட்டான்."

அது பச்சைப் பொய் என்று றொட்னிக்கே தெரிந்திருக்க வேண்டும். மாசியில் ஊளை கேட்டவுடன் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டு முதல் ஆளாகக் கரை ஏறினவர் அத்தான். ஊரே பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணியது. அதை ஒருவரும் இப்போது ஞாபகப்படுத்தவில்லை. செத்தவன் தன்பாட்டில் செத்தான் என்று வைத்துக்கொண்டால் மற்றவர்கள் நாளைக்குப் பயமில்லாமல் கடலுக்குப் போகலாம்.

அக்காவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? போய்ச் சேர்ந்திட்டுது என்று சொன்னது சொந்தத் தங்கச்சி.

வியாழன் பின்னேரம் நிறஞ்சலா ஹில்மியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தானின் போனை ருசியில் வைத்ததையும் மறைக்கவில்லை. ஹில்மி ஒரு போனை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். பிறகு எட்டையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"அஸீபாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"சொல்லவும் வேணாம். பொதியைப் பழையபடி மாத்துங்கோ. சோதனையைத் திருத்துங்கோ."

"ஹில்மி நானா, ஊர் முழுக்க அத்தானைப் பிழை சொல்லுது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை.

"நேத்து அறுபது படகு திரும்பி வந்தது. என்ரை வாப்பாவும் ஒண்டிலை வந்தவர். இது பிழைச்சிட்டுது எண்டு சொன்னா நாளைக்கு எத்தினை பேர் இதை நம்புவினம்? பிழைச்சது ஒரு போன்தான், பந்தியிலை ஒண்டும் பிழைக்கேல்லை எண்டு ஆருக்கு விளங்கப்படுத்துவீங்கள்? எல்லாரும் கழட்டி எறிவினம். அடுத்த காத்துக்கு அதாலையும் ஆக்கள் சாவினம் நிறஞ்சலா. யோசிச்சுப் பாருங்கோ."

அவள் யோசித்தாள். யோசிக்க ஒரு காரணம் கொடுத்தாரே என்று உள்ளுக்குள் ஒரு நன்றியும் வந்தது. அந்த நன்றியை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். கோயில் நிறைந்து வெளியிலும் சனம் நின்றது. பங்குச் சுவாமி நல்லபடியாகத்தான் பேச நினைத்திருப்பார். ஆண்டவர் பல வழிகளில் எங்களை எச்சரிக்கிறார், இந்தக் காலத்தில் போன் வழியாகவும் எச்சரிக்கிறார், கேட்கிற செவியுள்ளவர்களாக இருக்க வேண்டும், பிள்ளைகளை நினைத்தாவது இருக்க வேண்டும் என்றார். ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின. முன்வாங்கில் அக்கா நிமிர்ந்து இருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளும் அவளுடைய இரண்டு பக்கமும் வெள்ளைச் சட்டையோடு இருந்தார்கள். இப்போது எழும்பிச் சொல்லிவிட வேண்டும் என்று நிறஞ்சலா நினைத்தாள். எழும்புகிற நேரம் வந்ததும் எல்லாரோடும் சேர்ந்து எழும்பினாள், எல்லாரோடும் சேர்ந்து முழந்தாளிட்டாள்.

சனிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வீடு கொஞ்சம் வெறித்த நேரம், அக்கா கிணற்றடியில் அத்தானின் சாரங்களைத் தோய்த்துக்கொண்டு நின்றாள். எவருக்காவது கொடுப்பதற்காக. தோய்த்த தோயலில் சாரம் கிழிந்துவிடும் போல் இருந்தது. ஏழு வயதான மூத்த மகள் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து, அன்றைக்கு மறைக்கல்வியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர் சொல்வழி கேக்கிறதைப் பற்றிப் படிப்பிச்சவ. சொல்வழி கேக்காட்டி என்ன நடக்கும் எண்டு கேக்க, நான்தான் கையை உயத்தினனான்."

"என்ன சொன்னனீ?" என்றாள் அக்கா.

"எங்கடை அப்பா மாதிரிச் சாவினம் எண்டு."

அக்கா சாரத்தை முறுக்கிப் பிழிந்தாள். "சரியாத்தான் சொல்லியிருக்கிறாய்," என்றாள். "அந்த மனுசனுக்கு நாங்கள் ஆர்? வலைதானே பெரிசு."

நிறஞ்சலாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளையை உள்ளே போகச் சொன்னாள். பிறகு நின்ற இடத்தில் நின்று, நடுவில் மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னாள். குசினி, ருசி, கங்காணி என்று ஒன்றையும் சொல்லவில்லை. அத்தானின் போனில் இருந்தது வேறு. அதைப் போட்டது நான். அது எச்சரிக்கையை வாங்கும், ஆனால் சத்தம் போடாது. அதை நான் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை அக்கா. கேட்டிருந்தால் வந்திருப்பார். அவர் உங்களை நினைக்காமல் இல்லை.

அக்கா சாரத்தை வாளிக்குள் வைத்தாள். அடிப்பாள் என்று நிறஞ்சலா நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அக்காவின் வாய் திறந்து, சத்தம் வராமல், அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. நான்கு நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"கேக்கேல்லையா அவருக்கு?"

"இல்லை அக்கா."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே கேட்டிருக்காது."

அக்கா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "வருவார் எண்டு எனக்குத் தெரியும். எப்பவும் வாறவர்தானே." பிறகு தலையை நிமிர்த்தினாள். "உனக்கு எப்ப தெரியும்?"

நிறஞ்சலா இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக வரவில்லை. போனைப் பற்றிக் கேட்பாள், பொதியைப் பற்றிக் கேட்பாள், ஏன் போட்டாய் என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"புதன்கிழமை. மத்தியானம், நீ போன் எடுத்த கையோடை."

"புதன்கிழமை," என்றாள் அக்கா. அதை ஒருமுறை தனக்குள்ளும் சொல்லிக்கொண்டாள். அவளுடைய குரலில் இப்போது கோபம் இல்லை. அது இருந்தால் பரவாயில்லை என்று நிறஞ்சலாவுக்குத் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை பெட்டி மூட முதல் எல்லாரும் என்னை அவற்ரை நெத்தியிலை கடைசியாக் கொஞ்சச் சொன்னவை," என்றாள் அக்கா. "எங்களை நினைக்காத மனுசனை நான் ஏன் கொஞ்சவேணும் எண்டு மாட்டன் எண்டிட்டன். நீ எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனீ."

பக்கத்தில்தான் நின்றாள். பெட்டியை மூடி முடியும்வரைக்கும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.